மாடிக் காற்றாடி பேய் வேகத்தில் சுற்றுகிறது, எப்படி நிறுத்துவது? அவசரம்

சாரல்வீடு: மொட்டை மாடியில் மின்சாரம் எடுக்க 1 கிலோவாட் காற்றாடி மாட்டியிருக்கிறோம். காலையில் ஒழுங்காகத்தான் ஓடுகிறது, மத்தியானம் ஆனால் ஊளையிடுகிற மாதிரி சத்தம், கீழே படுக்கையறை வரை அதிர்கிறது. சீக்கிரம் சொல்லுங்கள்.

வயர்மேன்: எந்த ஊர்? பேட்டரி எத்தனை வோல்ட்? பேட்டரி சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் என்ன?

கிரீஸ்டப்பா: சத்தம் என்றாலே பேரிங்தான். கிரீஸ் வையுங்கள்.

சாரல்வீடு: செங்கோட்டைப் பக்கம், 24 வோல்ட். ஏற்கனவே சோலார் பேனல் இருந்ததால் அதே சோலார் கன்ட்ரோலரில், ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வழியாகச் சேர்த்துவிட்டார்கள்.

வயர்மேன்: கோளாறு அங்கேதான். பேட்டரி நிரம்பியதும் சோலார் கன்ட்ரோலர் இணைப்பைத் துண்டிக்கும். பேனலுக்கு அதனால் ஒன்றும் ஆகாது, ஆனால் சுமை போன காற்றாடியை இழுத்துப் பிடிக்க எதுவும் இல்லை, வேகமும் வோல்டேஜும் ஏறி கன்ட்ரோலர் கருகும், இறக்கை பிய்த்துக்கொண்டு தெருவில் போய் விழும். மத்தியானம் பேனலும் சேர்ந்து நிரப்புவதால்தான் அந்த நேரத்தில் வருகிறது. தயவுசெய்து இப்போது யாரும் மாடிக்குப் போகாதீர்கள். காற்று தணிந்த பிறகு, காற்றாடியிலிருந்து வரும் 3 வயரையும் ரெக்டிஃபையருக்கு முன்னால் சுவிட்ச் வைத்து ஒன்றோடொன்று சேர்த்து ஷார்ட் செய்தால் நிற்கும், எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள். வேகமாகச் சுற்றும்போது செய்தால் காற்றாடிக்குள் இருக்கும் கம்பிச் சுருள் (வைண்டிங்) போய்விடும். அப்புறம் காற்றாலைக்கென்றே உள்ள கன்ட்ரோலரும், மிச்ச மின்சாரத்தைச் சூடாக்கித் தீர்க்கும் டம்ப் லோடும் வேண்டும்.

பழையஉறுப்பினர்: வாங்கும் முன் படித்திருக்க வேண்டும். 150 மீட்டருக்குள் இருக்கும் எதைவிடவும் இறக்கை 10 மீட்டராவது உயரத்தில் சுற்ற வேண்டும், இது பாலபாடம். மாடியில் கைப்பிடிச் சுவரில் மோதிச் சுழன்று வரும் காற்றுதான் கிடைக்கும். காற்றின் வேகம் பாதியானால் மின்சாரம் எட்டில் ஒன்றாகிவிடும், விநாடிக்கு 12 மீட்டர் காற்றில் 1 கிலோவாட் என்றால் 6 மீட்டரில் 125 வாட்தான். பேசாமல் இன்னும் பேனல் போடலாம்.

தோப்புக்காரன்: ஆடி மாதம் மேகம் கவிந்து கிடக்கும்போது பேனல் என்ன தரும்? எங்கள் தோப்பில் ஸ்டே கம்பி கட்டிய கம்பத்தில் ராத்திரியும் ஓடுகிறது.

பழையஉறுப்பினர்: தோப்பு வேறு, மாடி வேறு. காற்றாலைகள் நிறைந்த முப்பந்தலில் கணவாய்க் காற்றுக்கு நேராக, எவ்வளவு உயரத்தில் நிறுத்தியிருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள்.

தோப்புக்காரன்: நான் மாடியைச் சொல்லவே இல்லையே ஐயா. காற்றாடியே வேண்டாம் என்பது எப்படிச் சரி?

கிரீஸ்டப்பா: எதற்கும் பேரிங்கையும் பார்த்துவிடுங்கள்.

வயர்மேன்: சாரல்வீடு, நின்றதா?

சாரல்வீடு: சாயங்காலம் நிறுத்தியாச்சு, நன்றி. ஒரு இறக்கையின் அடியில் விரிசல் தெரிகிறது.

வயர்மேன்: அதை மறுபடி ஓட்டவே கூடாது. ஒன்றை மட்டும் மாற்றினால் எடை ஒத்துப்போகாமல் அதிரும், மொத்த செட்டையும் மாற்றுங்கள்.