லாரா ஆர்எஸ்ஸும் சில்க் போர்டும்: லேசான ஃப்ளைவீல் போடலாமா?

சிவப்பு லாரா
வண்டி ஸ்கோடா லாரா ஆர்எஸ், 1.8 டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்), 6 கியர் மேனுவல். கம்பெனி கொடுத்தது 160 பிஎஸ், 250 நியூட்டன் மீட்டர். ரீமேப் (என்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்கை மாத்தறது) பண்ணினதுக்கு அப்புறம் டார்க் (முறுக்குவிசை) 340 பக்கம். தினமும் மாரத்தஹள்ளி டு எலக்ட்ரானிக் சிட்டி, நடுவில் பெங்களூரு டிராஃபிக்குக்குப் பேர்போன சில்க் போர்டு ஜங்ஷன். 4-ஆவது கியரில் 2,000 ஆர்பிஎம்மில் முழு ரேஸ் கொடுத்தால் டேக்கோ முள் மட்டும் துள்ளுது, வண்டி வேகம் எடுக்கலை, கிளட்ச் ஸ்லிப் ஆகுது. ஒர்க்ஷாப்பில் சொல்வது: ஆறு பட்டன் (தனித்தனி உராய்வுத் துண்டு) வெச்ச செராமிக் கிளட்ச் டிஸ்க், 5.5 கிலோ அலுமினிய ஃப்ளைவீல் (என்ஜினோட சேர்ந்து சுத்தற கனமான சக்கரம்) போட்டு, கம்பெனி டூயல் மாஸ் ஃப்ளைவீலைத் தூக்கிப் போட்டுடுங்க. ஞாயிற்றுக்கிழமை நந்தி பெட்டா மலைப்பாதை உண்டு, ரேஸ் டிராக் கிடையாது. எது சரி?

ரெவ்மேட்ச்
பட்டன் டிஸ்க் வேண்டாம். ஆனா டூயல் மாஸைத் தூக்கச் சொன்னது சரிதான் பாஸ். அது ரெண்டு துண்டு, நடுவில் இருக்கிறது வளைந்த ஸ்பிரிங்கும் கிரீஸும். 250-க்குப் போட்ட ஸ்பிரிங்கில் 340-ஐ, அதுவும் 2,000 ஆர்பிஎம்மிலேயே ஏத்தினா, ஸ்பிரிங் முழுசா அமுங்கி முட்டும். அப்புறம் லூஸ் ஆகும், ஆஃப் பண்ணும்போது 'டக்'னு ஒரு சத்தம் வரும். புது டூயல் மாஸ் விலைக்கு ஒரே துண்டான சிங்கிள் மாஸ் ஃப்ளைவீல், டிஸ்க், அதை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட் மூணுமே வாங்கிடலாம். தேஞ்சா சிங்கிள் மாஸை லேத்தில் முகம் எடுத்து மறுபடி போடலாம், டூயல் மாஸில் அந்த வேலை நடக்காது. நந்தியில் இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டு தட்டினா ரெவ் ஏறும், டவுன்ஷிஃப்ட் வெண்ணெய் மாதிரி விழும்.

டார்க் கணக்கு
வெண்ணெய் இருக்கட்டும், எண்ணைப் பார்ப்போம். லேசான ஃப்ளைவீலால் நிலைமத் திருப்புத்திறன் (சுழல் வேகம் மாறுவதை எதிர்க்கும் அளவு) 0.05 கிலோ மீட்டர் சதுரம் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கியர் விகிதத்தின் வர்க்கத்தால் பெருக்கி, டயர் ஆரத்தின் வர்க்கத்தால் வகுத்தால், வண்டி எத்தனை கிலோ இளைத்ததுபோல் ஓடும் என்று தெரியும். ஆரம் 0.31 மீட்டர். ஃபைனல் டிரைவும் (சக்கரத்துக்கு முந்தைய கடைசிப் பற்சக்கர ஜோடி) சேர்த்து முதல் கியரில் விகிதம் சுமார் 13, ஆக 88 கிலோ. இரண்டாவதில் சுமார் 8, ஆக 33 கிலோ. நான்காவதில் சுமார் 4, ஆக 8 கிலோ. லாபம் முழுக்க முதல் கியரில். சில்க் போர்டில் முதல் கியரில் யாரை முந்தப் போகிறார்?

இழப்பும் அதே கியரில்தான். கனமான ஃப்ளைவீலோடு 1,000 ஆர்பிஎம்மில் கிளட்சை விட்டால் பிடிக்கும்போது வேகம் மணிக்கு 9 கிலோமீட்டர். 1,400 கிலோ வண்டிக்கு அந்த ஒரு புறப்பாட்டில் டிஸ்க் விழுங்கும் வெப்பம் ஏறக்குறைய 4.4 கிலோ ஜூல். ஃப்ளைவீல் லேசாகி, ஆஃப் ஆகாமலிருக்க 1,500 வைத்து எடுத்தால் 9.8 கிலோ ஜூல். ஆர்பிஎம் ஒன்றரை மடங்கு, சூடு இரண்டேகால் மடங்கு. அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள வேண்டிய இரும்பும் இப்போது பாதி.

ரெவ்மேட்ச்
யாரு சார் 1,500-இல் எடுக்கச் சொன்னது? 5.5 கிலோ அலுமினியம் வேண்டாம்னு நானே சொல்றேன். 8 கிலோ பக்கம் ஸ்டீல் போட்டா 1,100 போதும். ஐட்லிங்கை 850-லிருந்து 900-க்கு ஏத்திக்கலாம், ரீமேப் பண்ணினவரே செய்து கொடுப்பார். உங்க கணக்கில் ரெவ்மேட்ச், அதாவது கியர் குறைக்கும்போது என்ஜின் சுற்றை ஏத்திச் சேர்க்கறது, எங்கே? கியர் போடும்போது கிளட்ச் அமுங்கித்தான் இருக்கு. அப்போ என்ஜின் சுத்துறது ஃப்ளைவீலோட மட்டும், வண்டி எடை அதில் வராது. அங்கே 0.05 பெரிய எண்.

டார்க் கணக்கு
ஒப்புக்கொள்கிறேன், ரெவ்மேட்ச் சுகம் உண்மை. ஆனால் அது ஞாயிறு ஒரு மணி நேரம். மீதி ஆறு நாளும் நியூட்ரலில் கியர்பாக்ஸ் கடகடக்கும். நாலு சிலிண்டர் என்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. 800 ஆர்பிஎம்மில் நொடிக்கு சுமார் 27 உதைப்பு. அதை வடிகட்டத்தான் 1985-இல் லுக் நிறுவனம் டூயல் மாஸைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. அதை எடுத்துவிட்டால் உதைப்பு நேரே கியர் பற்களுக்குப் போகும். பெடலை மிதித்தால் சத்தம் நிற்கும், விட்டால் வரும். இன்னொன்று: ஈசியூ (என்ஜின் கம்ப்யூட்டர்) மிஸ்ஃபயரை, அதாவது சிலிண்டரில் வெடிப்பு தவறுவதை, கண்டுபிடிப்பது கிராங்க் வேகத்தின் ஏற்ற இறக்கத்தை வைத்து. ஃப்ளைவீல் லேசானால் அந்த ஏற்ற இறக்கம் பெருகும். பிளக், காயில் எல்லாம் நன்றாக இருந்தும் பி0300 என்ற மிஸ்ஃபயர் பிழைக் குறியீடு வந்து நிற்கலாம்.

ஜேசி ரோடு வாசி
ரெண்டு பேரும் ஃப்ளைவீலிலேயே சுத்துறீங்க. வண்டிக்காரர் கேட்டது ஸ்லிப். ஸ்லிப்புக்கும் ஃப்ளைவீல் எடைக்கும் சம்பந்தமே கிடையாது. பிடிப்பு எங்கிருந்து வருது? முகம் ரெண்டு, உராய்வுக் குணகம், பிரஷர் பிளேட் அழுத்தம், சராசரி ஆரம், நாலையும் பெருக்கினா அதுதான். உதாரணத்துக்கு டிஸ்க் வெளிவிட்டம் 240 மில்லிமீட்டர், உள்விட்டம் 160-ன்னு வைங்க. சராசரி ஆரம் 0.1 மீட்டர். கம்பெனி டிஸ்க்கோட ஆர்கானிக் முகத்துக்குக் குணகம் 0.3, அழுத்தம் 5,000 நியூட்டன். 2 × 0.3 × 5,000 × 0.1 = 300. 250-க்கு மேலே 20 சதவீதம் கையிருப்பு, கம்பெனி கணக்கு சரியா இருக்கு. 340-க்கு அதே கையிருப்போட 410 பக்கம் வேணும். ஆர்கானிக்கிலேயே நிக்கணும்னா அழுத்தம் 6,800 ஆகணும். செராமிக் 0.4-ன்னு எடுத்தா பழைய பிளேட்டிலேயே 400 வந்துடும். ஒர்க்ஷாப்காரர் பட்டன் சொன்னதுக்குக் காரணம் இதுதான், அவர் முட்டாள் இல்லை.

ஆனா பட்டன் டிஸ்க்கில் ரெண்டு முகத்துக்கும் நடுவில் அந்த அலை மாதிரி குஷன் தகடு பெரும்பாலும் இருக்காது. பெடலில் பிடிக்கிற இடம் விரல் அகலம்தான். ஹெப்பால் மேம்பாலத்தில் அடி அடியா நகரும்போது ஹாஃப் கிளட்ச்சே கிடையாது. பிடிக்கும், இல்லேன்னா விடும். வண்டி முன்னாடி பின்னாடி ஆடும், ஃப்ளைவீல் முகம் நீலம் பாயும்.

ரெவ்மேட்ச்
அப்போ 6,800 நியூட்டன் பிளேட், ஆர்கானிக் டிஸ்க், 8 கிலோ ஸ்டீல். நான் சொன்னதுக்குத்தான் வந்து நிக்கிறீங்க அண்ணே.

ஜேசி ரோடு வாசி
பாதிக்கு வந்திருக்கேன் தம்பி. 36 சதவீதம் அழுத்தம் ஏறினா பெடலும் ஏறும். அந்த பாரம் காலோட நிக்காது, கிளட்ச்சை விடுவிக்கிற ரிலீஸ் பேரிங் வழியா கிராங்கைத் தள்ளி த்ரஸ்ட் பேரிங்கில் போய் உட்காரும். சிக்னலில் கியர் போட்டு கிளட்ச் மிதிச்சே ரெண்டு நிமிஷம் நிக்கிறவருக்கு இந்த பிளேட் ஆகாது. நியூட்ரல் போட்டுக் காலை எடுக்கிற பழக்கம் வரணும்.

சிங்கிள் மாஸ் போட்டா டிஸ்க் நடுவில் ஸ்பிரிங் வெச்ச ஹப் கண்டிப்பா வேணும். டூயல் மாஸோட வர்ற டிஸ்க்கில் பெரும்பாலும் ஹப் கெட்டியாத்தான் இருக்கும், ஏன்னா ஸ்பிரிங் வேலையை ஃப்ளைவீல் பார்த்துக்கும். பழைய டிஸ்க்கை சிங்கிள் மாஸில் மாட்டினா உதைப்பை வாங்க வழியில எதுவுமே கிடையாது. அப்புறம் தயவு செஞ்சு யாரும் வார்ப்பிரும்பு ஃப்ளைவீலை லேத்தில் சுரண்டி 'லைட் வெயிட்'னு மாட்டாதீங்க. 6,500 ஆர்பிஎம்மில் அது வெடிச்சா பெல் ஹவுசிங் (கிளட்ச்சை மூடியிருக்கிற கூடு) தாங்காது, பக்கத்தில் இருக்கிறது உங்க கால். வாங்கினா ஸ்டீல் பில்லட் (ஒரே கட்டியில் கடைஞ்சது), எஸ்எஃப்ஐ 1.1 பாதுகாப்பு முத்திரையோட.

டார்க் கணக்கு
செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது, யாரும் தொடவில்லை. ரீமேப்பில் 2,500 ஆர்பிஎம்முக்குக் கீழே டார்க்கை 280-இல் கட்டிவைத்து, அதற்கு மேல் மட்டும் 340 விடச் சொல்லுங்கள். டூயல் மாஸ் ஸ்பிரிங்கை முட்டவைப்பது குறைந்த சுற்றில் வரும் பெரிய டார்க்தான். அந்த இடத்தில் உதைப்பின் வீச்சும் அதிகம். டூயல் மாஸ் நல்ல நிலையில் இருந்தால் அதையே வைத்து, அதற்குப் பொருந்தும் அழுத்தம் கூடிய பிளேட்டும் ஆர்கானிக் டிஸ்க்கும் போதும். நிலையைக் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடாது. கையால் இரு பக்கமும் திருப்பி எத்தனை பல் ஆடுகிறது, எவ்வளவு சாய்கிறது என்று அளந்து, தயாரிப்பாளர் தரும் எல்லையோடு ஒப்பிட வேண்டும்.

ரெவ்மேட்ச்
லுக் எல்லைக்கு வெளியே போயிருந்தா?

டார்க் கணக்கு
அப்போது உங்கள் 8 கிலோ ஸ்டீல். கடகடப்புக்கு என்னைத் திட்டக்கூடாது.

சிவப்பு லாரா
சரி, பட்டன் கேன்சல், அலுமினியம் கேன்சல். கியர்பாக்ஸ் இறக்கும்போது வேற என்னெல்லாம் பார்க்கச் சொல்லணும்?

ஜேசி ரோடு வாசி
கிராங்க் பின்பக்க ஆயில் சீல், ரிலீஸ் பேரிங் ரெண்டும் புதுசு. ஃப்ளைவீல் போல்ட் ஒரு தடவைக்குத்தான், அது இழுபடற போல்ட். உங்க என்ஜினில் 60 நியூட்டன் மீட்டர், அதுக்கு மேல 90 டிகிரி. பழசையே முறுக்கினா வேலை ஒப்புக்காதீங்க. புது பிரஷர் பிளேட் முகத்தில் துருப்பிடிக்காம இருக்க எண்ணெய் தடவி வரும், பிரேக் கிளீனரில் துடைக்காம மாட்டினா முதல் நாளே ஜட்டர் (புறப்படும்போது நடுக்கம்). ஸ்ப்லைனில் (டிஸ்க் உட்காரும் ஷாஃப்ட் பல் வரிகள்) கிரீஸ் பட்டும் படாம. கூடினா தெறிச்சு டிஸ்க்கில் ஏறும். டிஸ்க்கில் 'ஃப்ளைவீல் சைடு'ன்னு போட்டிருக்கிற பக்கம் பார்த்து வைக்கணும், திருப்பிப் போட்டா கிளட்ச் விடாது. பிளேட் போல்ட்டை எதிரெதிரா அரை அரை சுற்றா இறுக்கணும். கியர்பாக்ஸ் பெட்டியை ஏத்தும்போது அதோட எடையை ஷாஃப்டில் தொங்க விட்டா டிஸ்க் வளையும், மொத்த செலவும் அங்கேயே போச்சு. கிளட்ச் லைனுக்கு டாட் 4 பிரேக் ஆயில் புதுசா ஊத்தி ஏர் எடுத்துடுங்க. முதல் 800 கிலோமீட்டர் முழு ரேஸ் கூடாது. அதுக்கு நம்ம அவுட்டர் ரிங் ரோட்டை விட நல்ல இடம் கிடைக்காது.

இன்னொண்ணு. பெட்டியை இறக்கினதும் துடைக்கறதுக்கு முன்னாடி பெல் ஹவுசிங் அடியில் விரல் வெச்சுப் பாருங்க. கருப்பா என்ஜின் ஆயில் இருந்தா கிராங்க் சீல். கந்தக வாடை அடிச்சா கியர் ஆயில், இன்புட் ஷாஃப்ட் சீல். கெட்டி கிரீஸ் வட்டமா தெறிச்சிருந்தா டூயல் மாஸ் போயிடுச்சு. தண்ணி மாதிரி இருந்து பெயிண்ட்டை உரிச்சிருந்தா பிரேக் ஆயில், கிளட்ச்சைத் தள்ளுற ஸ்லேவ் சிலிண்டர். முதல் ரெண்டும் இருந்தா உங்க ஸ்லிப்புக்கு ரீமேப் காரணமாவே இருக்காது, எண்ணெய் குடிச்ச டிஸ்க்தான். என்ன இருந்ததுன்னு போட்டோ போடுங்க, அதுக்கு அப்புறம் பிளேட் ஆர்டர் பண்ணலாம்.