மொஃபாட் படித்துவிட்டுக் களத்துக்குப் போனவர்கள் உண்டா?

காட்டுப்பாக்கத்தான்:
மானிடவியலாளர் மொஃபாட்டின் வாதம் தெரிந்ததுதான்: தாழ்த்தப்பட்டவர்களும் சாதி அடுக்கை ஒப்புக்கொண்டு, தங்களுக்குள்ளும் அதையே செய்கிறார்கள் என்பது. எம்.ஏ. களப்பணிக்குச் செய்யாறு பக்கம் ஒரு காலனிக்குப் போனேன். ஊர்த்தெரு ஆள் ஒருவர், அவரிடம் பைக் இருந்ததால், துணைக்கு வந்தார். திருவிழாவுக்கு ஏன் பறை அடிக்கப் போவதில்லை என்று ஒரு பெரியவரைக் கேட்டேன். "வயசாயிடுச்சு, புள்ளைங்களுக்குப் பழக்கமில்ல" என்றார். எழுதிக்கொண்டேன். துணைக்கு வந்தவர் போன் பேச வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் நகர்ந்தார். பெரியவர் உடனே என் நோட்டை விரலால் தட்டி, "அத அடிச்சிடு தம்பி. கூலி நெல்லத் தரையில கொட்டிட்டு அள்ளிக்கச் சொல்லுவான். எங்கப்பா அள்ளினாரு. நான் போவ மாட்டேன்" என்றார். ஆள் திரும்பியதும் மழையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். கைடு முதல் பதிலைத்தான் போடச் சொன்னார். இரண்டாவது 'உணர்ச்சிவசப்பட்டது' என்றார்.

வடக்குத்தெரு:
அமெரிக்க மானிடவியலாளர் பெர்ரிமன் 1962-லேயே எழுதிய சங்கதி இது. இமயமலைக் கிராமத்தில் அவருடைய பிராமண மொழிபெயர்ப்பாளர் உடம்பு முடியாமல் போய், ஒரு முஸ்லிம் அந்த இடத்துக்கு வந்த பிறகுதான் தாழ்த்தப்பட்டவர்கள் மனம்விட்டுப் பேசினார்கள். ஆனாலும் மொஃபாட்டை அப்படியே தூக்கிப் போட முடியாது. எங்கள் காலனியில் துணி வெளுத்த, எங்களுக்கும் கீழே வைக்கப்பட்ட புதிரை வண்ணார் பாட்டி கொல்லைப்புறமாகத்தான் வருவார். என் ஆயா சோற்றை மேலே இருந்து, பாத்திரம் படாமல் போடுவார். ஊர்த்தெருவில் ஆயாவுக்கும் அப்படித்தான் போட்டார்கள். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ஏரிக்கரை:
செய்தார்கள் சரி, மேலே இருப்பவன் சொல்லும் நியாயத்தை ஒப்புக்கொண்டார்கள் என்று எப்படி ஆகும்? மொஃபாட் 1979-ல் சொன்னது அதைத்தானே, பிரெஞ்சு மானிடவியலாளர் துய்மோன் சொன்ன தூய்மை–தீட்டுக் கணக்கு அடிமட்டம் வரை செல்லும் என்று. மொஃபாட் ஆய்வு செய்த அதே செங்கல்பட்டு வட்டாரத்தில் வேலை செய்த மானிடவியலாளர் ஜோன் மென்ச்சர் 1974-லேயே சாதியைக் கீழே இருந்து பார்த்து, நிலம், கூலி, சுரண்டல் என்று எழுதிவிட்டார். நானும் ஒருமுறை ஊர்த்தலைவரோடு போய் வெறுங்கையோடு திரும்பியவன்தான்.

தம்பி, அடுத்த தடவை தனியாகப் போங்கள். பைக் வேண்டாம், பஸ்ஸில் இறங்கி நடங்கள். முதல் நாள் நோட்டைத் திறக்காதீர்கள். நடவுக்குப் போகும் பெண்களிடம் கூலியைக் கேளுங்கள், சாதியைக் கேட்காதீர்கள். அது தானாக வரும். கேள்விப் படிவத்தைக் கிழித்துப் போடுங்கள். எழுதும்போது இரண்டு பதிலையும் போட்டு, பக்கத்தில் யார் நின்றார் என்பதையும் சேருங்கள். ஊர்ப் பெயரை மாற்றிவிடுங்கள். அந்த பைக் ஆள் படித்தால் பெரியவருக்குத்தான் வம்பு.

காட்டுப்பாக்கத்தான்:
அண்ணே, ஆய்வேடு கொடுத்து வைவாவும் முடிஞ்சாச்சு. அனுபவம்தான் கேட்டேன்.