போட்டிக்குப் போகிறவருக்கு இரண்டாவது பிஸ்டல் வேண்டுமா?

வேலந்தாவளம் தோப்புக்காரர்

என் மகள் பதினொன்றாம் வகுப்பில் படிக்கிறாள். மூன்று ஆண்டுகளாகப் பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறாள். பயிற்சிக்குக் கேரள எல்லை தாண்டிக் கோவைக்குப் போய்வருகிறோம். சென்ற மாதம் ஒரு போட்டியில் முப்பத்தோராவது ஷாட்டை நெருங்கும்போது, காற்றுச் சிலிண்டர் பொருந்தும் இடத்தில் மெல்லிய சீறல் கேட்டதாகச் சொன்னாள். அதன் பிறகு பெல்லட்டுகள், அதாவது ஈயக் குண்டுகள், வரிசையாகக் கீழிறங்கி எட்டுப் புள்ளி வட்டத்திலும் ஏழிலும் விழுந்தன. கழற்றிப் பார்த்தால், சுண்டுவிரல் நகமளவு உள்ள ரப்பர் வளையம் ஒன்று கீறியிருந்தது. அதற்கு மாற்று வளையம் தேடி எங்கள் பயிற்சியாளர் அரங்கு முழுவதும் அலைந்து வருவதற்குள் கடிகாரம் ஓடிவிட்டது. தகுதிப் புள்ளிக்கு நான்கு குறைவாக முடித்தாள்.

இன்னொரு பிஸ்டல் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்கிறாள் என் மனைவி. நல்ல வெளிநாட்டு மேட்ச் பிஸ்டல் என்றால் இரண்டு லட்சத்தை ஒட்டி வருகிறது, அது எங்கள் தென்னந்தோப்பின் குத்தகைப் பணம். வாங்குவது அவசியமா, ஆடம்பரமா என்று அனுபவப்பட்டவர்கள் சொல்ல வேண்டும்.

மீனாட்சிபுரம் மெக்கானிக்

அண்ணா, வாங்க வேண்டாம். உங்கள் மகளைத் தோற்கடித்தது பத்து இருபது ரூபாய் பெறுமான ரப்பர் வளையம். அதற்காக இரண்டு லட்சம் கொடுப்பது, வாஷர் தேய்ந்ததற்காகப் புதுக் குழாய் போடுவதற்குச் சமம்.

முப்பது ஆண்டுகளாகத் துப்பாக்கிகளைக் கழற்றிப் பூட்டிய கை என்னுடையது. போட்டி நடுவில் ஏர் பிஸ்டல் நின்றுபோவதற்கு நான் கண்ட காரணங்கள் ஐந்தாறைத் தாண்டாது. வளையம் கீறுவது, சிலிண்டரில் காற்று தீர்ந்திருப்பது, குறிபார்க்கும் சைட்டின் திருகு தளர்வது, எலெக்ட்ரானிக் டிரிகர் உள்ள மாடலில் பேட்டரி இறங்குவது, எப்போதாவது ஒரு நெம்புகோலோ சுருளோ ஒடிவது. இவற்றில் கடைசியைத் தவிர மற்றதெல்லாம் ஒரு சிறு டப்பாவில் அடங்கும். வளையங்கள் இரண்டு செட், சரியான அளவு ஆலன் சாவிகள், மாற்று பேட்டரி, காற்று நிரப்பிய இன்னொரு சிலிண்டர் ஆகியவை அதில் இருந்தால் போதும். சிலிண்டரில் பொறித்திருக்கும் தயாரிப்புத் தேதியையும் ஒருமுறை படித்துவிடுங்கள். பத்து ஆண்டு கடந்த சிலிண்டரோடு போனால் சோதனை மேசையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கொழிஞ்சாம்பாறைப் பயிற்சியாளர்

மெக்கானிக் அண்ணன் கடைசிக் காரணத்தைத் 'தவிர' என்று சொல்லி லேசாகத் தாண்டிவிட்டார். என் வாதமே அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கருக்கு நடந்ததை எல்லோரும் அறிவோம். தகுதிச் சுற்றில் பதினாறு ஷாட் முடிந்திருந்தபோது அவருடைய பிஸ்டலின் காக்கிங் நெம்புகோல், அதாவது ஒவ்வொரு ஷாட்டுக்கும் பிஸ்டலைத் தயாராக்கும் பாகம், ஒடிந்தது. சரிசெய்து கொண்டு திரும்புவதற்கு ஏறக்குறைய இருபது நிமிடம் போயிற்று, கடிகாரமோ நிற்கவில்லை. அறுபது ஷாட்டுக்கு 75 நிமிடம் என்பது விதி. அதாவது ஷாட்டுக்கு ஒன்றேகால் நிமிடம், கையை இறக்கி மூச்சு வாங்குவதும் அதற்குள்தான். மீதமிருந்த 44 ஷாட்டுகளை அவர் ஷாட்டுக்கு ஒரு நிமிடம்கூட இல்லாத அவசரத்தில் சுட நேர்ந்தது. 575 புள்ளியோடு பன்னிரண்டாம் இடம், இறுதிச் சுற்று இரண்டு புள்ளியில் நழுவியது. அண்ணனின் டப்பாவில் அந்த நெம்புகோல் இருந்திருக்கும் என்றே வைத்துக்கொள்வோம். அதைக் கழற்றி மாட்டுவதற்கும் நேரம் வேண்டாமா? பக்கத்திலேயே, அதே அளவில் சைட் வைத்த இன்னொரு பிஸ்டல் பெட்டிக்குள் இருந்தால், நடுவரின் அனுமதி பெற்று எடுத்துச் சுடலாம்.

மீனாட்சிபுரம் மெக்கானிக்

அம்மணி, நீங்கள் எடுத்த உதாரணம் என் பக்கம்தான் பேசுகிறது. அந்தப் பெண் திரும்பி வந்து சுட்டது, பழுது நீக்கிய தன் சொந்தப் பிஸ்டலால். அத்தனை நெருக்கடியிலும் 575 வந்ததற்குக் காரணம், ஆயிரக்கணக்கான முறை பிடித்த அதே கிரிப், அந்தக் கைப்பிடி, என்பது என் கருத்து.

கிரிப்பைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லையே என்பதுதான் என் ஆதங்கம். உங்கள் மகளின் பிஸ்டலைக் கையில் எடுத்துப் பாருங்கள், அண்ணா. உள்ளங்கை மேடு படும் இடத்தில் மரத்தை அரம் போட்டு ராவியிருப்பார்கள், கட்டைவிரல் கிடக்கும் பள்ளத்தில் புட்டி வைத்துத் தேய்த்திருப்பார்கள், வியர்வை பட்டு அந்த இடம் மட்டும் கறுத்திருக்கும். அது அவளுடைய கை. புதிதாக வரும் பிஸ்டலில் அந்தக் கை இருக்காது. பத்து மீட்டர் தூரத்தில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர் மட்டுமே. மணிக்கட்டு ஒரு முடியளவு திரும்பினாலும் பெல்லட் வட்டத்துக்கு வெளியே போய்விடும். டிரிகரும் அப்படித்தான். குறைந்தது 500 கிராம் எடையைத் தூக்க வேண்டும் என்பது விதி, ஆனால் எடை ஒன்றாக இருந்தாலும் இரண்டு டிரிகர்கள் ஒரே மாதிரி விடுவதில்லை. காற்று இல்லாத ஸ்டெப்பினியை டிக்கியில் வைத்துக்கொண்டு வாளையார் தாண்டுகிறவரைப் போல, பழகாத பிஸ்டலைப் பெட்டியில் வைத்திருப்பவருக்குத் தைரியம் மட்டுமே மிச்சம்.

கல்பாத்தி .22

நான் 25 மீட்டரில் .22 தோட்டாப் பிஸ்டல் சுடுபவள், ஆகவே குறுக்கே ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். எங்கள் பிரிவில் கணக்கே வேறு. தோட்டா வெடிக்காமல் போனால் பிஸ்டலைத் திறக்காமல், குழலை இலக்கின் பக்கமே வைத்தபடி கையை உயர்த்த வேண்டும். தவறு என்னுடையது அல்ல என்று நடுவர் ஏற்றுக்கொண்டால் அந்தத் தொடருக்கு மறுவாய்ப்பு உண்டு. மூன்று விநாடி மட்டுமே இலக்கு திறந்திருக்கும் வேகச் சுற்றில் அந்தக் கருணை இல்லாவிட்டால் யாருமே தேற மாட்டோம். பழுதாகி நின்றால் ஒழிய, எல்லாச் சுற்றுகளையும் ஒரே பிஸ்டலால்தான் சுட வேண்டும் என்பதும் விதி.

மற்றபடி எங்களைத் தடுப்பது பணத்தைவிடக் காகிதம். 2019 திருத்தத்துக்குப் பிறகு சாதாரணக் குடிமகன் இரண்டு துப்பாக்கிகள் வரைதான் வைத்திருக்கலாம், முன்பு மூன்று. விளையாட்டு வீரர்களுக்கு 2020-இல் தனிச் சலுகை வந்து, வளரும் வீரர்களுக்கும் ஒன்றுக்குப் பதில் இரண்டு என்றானது. உங்கள் மகளுக்கு அந்தத் தலைவலி இல்லை சார். 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்குக் குறைவான ஆற்றலும் கொண்ட ஏர் பிஸ்டலுக்கு உரிமம் வேண்டியதில்லை. ஆனாலும் ரசீதைப் பெட்டியிலேயே வையுங்கள். எல்லைச் சோதனைச் சாவடியில், நம் பாலக்காட்டுச் சித்தூர்க் கள்ளு வண்டிகளின் பெர்மிட்டைப் பார்த்துப் பழகிய கண்கள், பிஸ்டல் பெட்டியைத் திறந்ததும் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

கொழிஞ்சாம்பாறைப் பயிற்சியாளர்

பழகாத பிஸ்டல் பயன்படாது என்பதில் எனக்கும் அண்ணனுக்கும் சண்டையில்லை. அப்படியானால் பழக்கிவிடலாமே என்பதுதான் என் பதில். அமெரிக்க வீரர் மேத்யூ எம்மன்ஸ் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியது இரவல் ரைஃபிளால். அவருடைய ரைஃபிளை யாரோ சேதப்படுத்திவிட்டதால், பழைய சக வீராங்கனையின் ரைஃபிளை வாங்கிச் சுட்டார். ஆனால் அது ஒலிம்பிக் காலையில் கைமாறியதல்ல, தேர்வுப் போட்டிக்கு முன்பே அவர் கைக்கு வந்துவிட்டது.

வேறு மாடல் வாங்கினால் அண்ணன் சொன்ன எல்லாக் குறையும் வரும். அதே மாடலை, பழையதாகவே வாங்கி, அதே கிரிப் போலவே இன்னொன்று செதுக்கி, வாரத்தில் ஒரு நாள் அதில் மட்டும் சுட வைத்தால் ஏன் வராது? என் மாணவிகள் இருவர் அப்படித்தான் செய்கிறார்கள். இருவருக்கும் இரண்டு பிஸ்டலிலும் புள்ளி வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது, மறைக்கவில்லை. அந்த வித்தியாசம் பாதியில் எழுந்து வருவதைவிடச் சிறியது.

மீனாட்சிபுரம் மெக்கானிக்

மாநில அணியில் இடம் பிடித்த பிறகு என்றால் ஒப்புக்கொள்கிறேன். பதினாறு வயதில் வாரத்தின் ஒரு நாளை ஸ்டெப்பினிக்குக் கொடுப்பது அதிகம். அந்த நாளில் முதல் பிஸ்டலில் இன்னும் அறுபது ஷாட் சுடட்டும்.

வேலந்தாவளம் தோப்புக்காரர்

இருவருக்கும் நன்றி. இன்று காலை டப்பா தயாராகிவிட்டது. வளையத்தைக் கழற்றி மாட்டச் சொல்லி மகளை உட்காரவைத்தேன். முதல் முறை பதினோரு நிமிடம் ஆயிற்று, மதியம் ஆறில் முடித்தாள். இவ்வளவு நாள் பிஸ்டலைத் திறந்தே பார்க்காமல் சுட்டிருக்கிறாள் என்பது எனக்கு இன்றுதான் தெரியும், தவறு என்னுடையது.

அம்மணி சொன்னபடி, எங்கள் கிளப்பில் அதே மாடலில் ஒரு பழைய பிஸ்டல் சும்மா கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இவளுடைய கிரிப்பை அதில் பூட்டி ஒரு முழு அறுபது சுட அனுமதி வாங்கியிருக்கிறேன். அந்தக் கிரிப் திருகுக்கு எந்த அளவு ஆலன் சாவி வேண்டும் என்று மட்டும் அண்ணன் சொன்னால் நலம்.