சத்தம் குறைஞ்ச பொயிண்ட் 22: ரவை எது, குழல் எவ்வளவு நீளம்?

வெள்ளவத்தையான்:
என்ர மச்சான் நியூசிலாந்தில, சென்ட்ரல் ஒட்டாகோவில ஒரு திராட்சைத் தோட்டத்தில வேலை. முயல் வந்து இளங்கொடியின்ர பட்டையைக் கறண்டித் தின்னுதாம். இரவில சுட வேணும், அயல் வீட்டுக்காரர் எழும்பவும் கூடாது. அங்க துவக்கு லைசன்ஸ் இருந்தாக் காணும், சப்ரஸருக்கு (குழல் வாயில பூட்டுற சத்தம் குறைக்கிற சைலன்சர்) தனி அனுமதி தேவையில்லை. போல்ட் அக்சன் (ஒவ்வொரு ரவையையும் கையால இழுத்து ஏத்துற) பொயிண்ட் 22, அதாவது 0.22 அங்குலச் சின்ன ரவை போடுற துவக்கு ஒன்று பார்த்து வைச்சிருக்கிறான். கடையில 16 அங்குலக் குழலும் இருக்கு, 20 அங்குலமும் இருக்கு. நான் 16 எண்டு சொல்லிப்போட்டன். குழல் குறைய வேகம் குறையும், வேகம் குறைய வெடிச்சத்தம் குறையும். ரவை, சப்சொனிக் (ஒலியை விட மெதுவாப் போறது) ஆவது ஸ்டாண்டர்ட் வெலோசிட்டி (அதை விடக் கொஞ்சம் வேகமானது) ஆவது, எது மலிவோ அது.

கொட்டாஞ்சேனை_50மீ:
அண்ணே, ரெண்டு எடத்துலயும் ஒத்துக்க மாட்டேன். மொதல்ல ரவை. சப்ரஸர் அடக்குறது குழல் வாயில வர்ற வாயுவோட சத்தத்த மட்டும்தான். சன்னம் ஒலிய விட வேகமாப் போனா, வழி முழுக்க சாட்டை சொடுக்குற மாதிரி ஒரு சத்தம் வரும், அத எந்தச் சப்ரஸரும் தடுக்காது. இப்ப கணக்கப் பாருங்க. நாம இருக்குற 30 பாகை வெயில்ல ஒலி செக்கனுக்கு 349 மீற்றர் போகும். ஒட்டாகோவுல பனி உறையுற ராத்திரி 0 பாகைன்னா 331தான். சீசீஐ கம்பனியோட ஸ்டாண்டர்ட் வெலோசிட்டி பெட்டியில போட்டிருக்கறது செக்கனுக்கு 1070 அடி, அதாவது 326 மீற்றர். இங்க 23 மீற்றர் எடவெளி, அங்க 5. ஒரே பெட்டிக்குள்ளயே ரவைக்கு ரவை வேகம் அதை விடக் கூடக்குறைய வரும். பத்து தடவ சுட்டா சிலது ஒலிய மீறிப் பளீர்னு வெடிக்கலாம்.

வெள்ளவத்தையான்:
குளிரில ரவைக்குள்ள இருக்கிற வெடிமருந்தும் மெதுவாத்தான் எரியும் தம்பி. ஒலி மட்டும் இறங்காது, சன்னமும் இறங்கும். நீர் ஒரு பக்கத்தை மட்டும் கணக்குப் பார்க்கிறீர்.

கொட்டாஞ்சேனை_50மீ:
ரவைய ஜக்கெட் பொக்கெட்டுல உடம்புச் சூட்டோட வெச்சிருந்து எடுத்துப் போட்டா மருந்து எங்க குளிரப் போகுது? காத்து மட்டும்தான் குளிரு. அதனால மலிவு பாக்காம சப்சொனிக் ஹொலோ பொயிண்ட்டே (முனையில குழி வெச்ச சன்னம்) வாங்கச் சொல்லுங்க. சீசீஐயோடது 1050 அடி, 320 மீற்றர். முயலுக்கு அதுதான் நல்லது, சன்னம் விரிஞ்சு சட்டுனு விழுத்தும்.

இப்ப குழல். பொயிண்ட் 22ல இருக்கற மருந்து ஒரு சிட்டிகை. அது 16 அங்குலத்துக்குள்ளயே பெரும்பாலும் எரிஞ்சு முடிஞ்சிடும், சன்னம் உச்ச வேகத்துக்கு வர்றதும் ஏறக்குறைய அங்கதான். அதுக்கு மேல உரசல்தான். வேகத்தக் குறைக்கன்னு 16 எடுக்கறது தலைகீழ் வேல. 20ல வேகம் ஏறாது, வாயில வாயுவோட அமுக்கமும் கொறைவு. சத்தம்தான் கவலைன்னா 20.

தெஹிவளைக்காரி:
ரெண்டு பேரும் துவக்கை மேசையில வைச்சுக் கதைக்கிறியள். 20 அங்குலக் குழலுக்கு முன்னால சப்ரஸரையும் பூட்டினா, குவாட் பைக்கில (நாலு சில்லு பைக்) இருந்துகொண்டு கொடி வரிசைக்குள்ள திருப்பிப் பாருங்கோ, கம்பியில முட்டும். வேகத்தைக் குறைக்க எண்டு குழலை 12, 10 எண்டு வெட்டவும் வெளிக்கிடாதேங்கோ. நியூசிலாந்துச் சட்டப்படி மொத்த நீளம் 762 மில்லிமீற்றருக்குக் குறைஞ்சா அது கைத்துப்பாக்கிக் கணக்கு. அப்பிடி வெட்டினாலும் சீசீஐயின்ர 1235 அடி மினி மாக் போன்ற வேக ரவை சப்சொனிக் ஆகும் எண்டு நம்பேலாது.

இன்னொன்று, 60 கிரெய்ன் (ஏறக்குறைய 4 கிராம்) சன்னம் போட்ட அகுயிலா கம்பனி ரவைப் பக்கம் போக வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. வேகம் 950 அடிதான், கேக்க நல்லாயிருக்கும். ஆனா நீளச் சன்னம். சாதாரணப் பொயிண்ட் 22 குழலின்ர புரி (சன்னத்தைச் சுழல வைக்கிற உள்வெட்டு) 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. இந்தச் சன்னத்துக்கு 9 அங்குலத்துக்கு ஒன்று வேணும். இல்லையெண்டா புரண்டுகொண்டு போய்ச் சப்ரஸரின்ர உள்தட்டிலயே அடிக்கலாம்.

மருதானை மைந்தன்:
கொழும்புல உக்காந்து சைலன்சர் பேச்சா? இங்க 1916ஆம் ஆண்டு துவக்குக் கட்டளைச் சட்டத்துல ஒரு லைசன்ஸ் எடுத்து வருசா வருசம் புதுப்பிக்கிறதுக்கே நாக்குத் தள்ளுது. சப்ரஸர்னாலே களவாச் சுடத்தான்.

கொட்டாஞ்சேனை_50மீ:
நம்ம ஊரு வேற, அங்க வேற. அங்க பண்ணைக்காரன் காதக் காப்பாத்திக்கவும் அயலாரோட சண்டை வராம இருக்கவும் போடறான். படத்துல வர்ற 'புஸ்' சத்தமும் இல்ல. சப்சொனிக்னாலும் அடிக்கற ஊசி சத்தம், முயல்ல சன்னம் படற சத்தம் எல்லாம் நல்லாவே கேக்கும்.

வெள்ளவத்தையான்:
அப்ப சீசீஐ குவையட் எண்டொரு ரவை இருக்கே, 710 அடி. அதை எடுத்தா குழல் சண்டையே வேண்டாம்.

தெஹிவளைக்காரி:
அண்ணை, வேகம் மூண்டில ஒரு பங்கு குறைய வலு பாதிக்கு மேல குறையும். 1050 அடிச் சன்னத்தில 130 யூலுக்குக் கிட்ட இருக்கும், குவையட்டில 60 சொச்சம். கிட்ட நிண்டு தலையில பட்டாச் சரி. இல்லையெண்டா முயல் குத்துயிரா வளைக்குள்ள போய்க் கிடக்கும். 1050 அடி ரவையே 50 மீற்றருக்குச் சரிபார்த்து வைச்சா 100 மீற்றரில ஏறக்குறைய ஒரு சாண் கீழ இறங்கும். அதனால எந்த ரவை எண்டாலும் 60, 70 மீற்றருக்குள்ள சுடச் சொல்லுங்கோ.

வெள்ளவத்தையான்:
சரி, ரவை சப்சொனிக் ஹொலோ பொயிண்ட் எண்டு எழுதிவிடுறன். குழல் 16தான். வேகத்துக்காக இல்லை, குவாட் பைக்குக்காக.

கொட்டாஞ்சேனை_50மீ:
பைக்க விட்டு எறங்கிச் சுடச் சொல்லுங்கண்ணே. 20.

தெஹிவளைக்காரி:
நாலஞ்சு கம்பனியின்ர சப்சொனிக்கில ஒவ்வொரு பெட்டி வாங்கி, குளிர் இரவில வெளியில நிண்டு 50 மீற்றரில காகிதத்தில சுடச் சொல்லுங்கோ. ஒரே குழல் ஒரு கம்பனி ரவையைக் காசளவு வட்டத்துக்குள்ள போடும், மற்றதைத் தட்டளவுக்கு விசிறும். பிறகு நல்லாப் போடுறதில ஒரே லொட் இலக்கத்தில (ஒரே தொகுதியாச் செய்தது) ஒரு பெட்டகம் எடுத்து வைக்கட்டும். சப்ரஸர் உள்ளுக்கைக் கழற்றித் துடைக்கக்கூடிய வகையா எண்டும் கடையில கேக்கச் சொல்லுங்கோ, பொயிண்ட் 22 ஈயம் அப்பி அடைச்சுப்போடும்.