தம்பிக்கு ஹெலிகாப்டரில் சாமான் கட்டித் தூக்கும் வேலை, அனுப்பலாமா?

கேள்வி – குடியாத்தம் செல்வி

வணக்கம். என் தம்பி ஐ.டி.ஐ. ஃபிட்டர். ராணிப்பேட்டையில ஒரு தோல் கம்பெனியில மெயின்டனன்ஸ் பாக்குறான். இப்போ ஒரு கான்ட்ராக்டர் மூலமா உத்தரகாண்ட் மலையில வேலை வந்திருக்கு. ரோடு இல்லாத இடத்துக்கு சிமென்ட், கம்பி, ஜெனரேட்டர் எல்லாம் ஹெலிகாப்டர் அடியில தொங்கவிட்டுத் தூக்கிட்டுப் போவாங்களாம். கீழ நின்னு கொக்கி மாட்டுறது இவன் வேலை. இங்க வாங்குற மாதிரி ரெண்டு மடங்கு சம்பளம். கேதார்நாத்ல ஒரு ஹெலிகாப்டர் இன்னொண்ணைத் தூக்கிட்டுப் போய் நடுவழியில விட்டுட்ட வீடியோவை யாரோ அம்மாகிட்ட காட்டிட்டாங்க. அதுலேர்ந்து சரியா சாப்பிட மாட்டேங்குறாங்க. அது நிஜமா? கீழ நிக்கிறவனுக்கு என்ன ஆபத்து?

அரக்கோணம் பாபு

நிஜம்தான் அக்கா. 2024 ஆகஸ்ட் 31. மே மாசம் கேதார்நாத்ல அவசரமா இறங்கிப் பழுதான தனியார் ஹெலிகாப்டரை, விமானப்படையோட எம்ஐ-17 கௌச்சர் ஓடுதளத்துக்குத் தூக்கிட்டுப் போச்சு. காத்துலயும் எடையிலயும் பேலன்ஸ் போயிடுச்சு, தாரு கேம்ப் பக்கம் பள்ளத்தாக்குல விட்டுட்டாங்க. யாருக்கும் அடி இல்ல.

கம்மவான்பேட்டை மாஜி ராணுவம்

செல்விம்மா, நான் பட்டாளத்துல இருந்தப்போ மலை போஸ்டுகளுக்கு ஹெலிகாப்டர்ல ரேஷன் கட்டி அனுப்புற இடத்துல வேலை பாத்தவன். தெரிஞ்சதைச் சொல்றேன்.

அந்த வீடியோவுல சுமை தானா அறுந்து விழல. பைலட் விட்டார். அதுக்குன்னே அவர் கைக்கிட்ட ஒரு பட்டன் இருக்கும். தொங்குற சுமை ஆட ஆரம்பிச்சா மெஷினையும் சேர்த்து இழுக்கும், அப்போ உள்ளே இருக்கிறவங்க உயிர்தான் முக்கியம். நானா இருந்தாலும் விட்டிருப்பேன். அதனால கீழ இருக்கிறவன் இது எப்ப வேணா விழும்னு நெனச்சுத்தான் நிக்கணும். தூக்கின சுமைக்கு அடியிலயும் சரி, அது போற பாதையிலயும் சரி, ஆள் இருக்கவே கூடாது.

தம்பிக்கு நிஜமான ஆபத்து கொக்கி மாட்டுற அந்தக் கொஞ்ச நேரம்தான். தலைக்கு மேல மெஷின் நிக்கும். சத்தத்துல பக்கத்துல இருக்கிறவன் கத்தினாலும் கேக்காது. காத்து அடிக்கிற அடியில மண்ணும் பனியும் முகத்துல ஊசி மாதிரி குத்தும், கண்ணாடி இல்லன்னா கண்ணே தொறக்க முடியாது. ரோட்டார் சுத்திச் சுத்தி மெஷின்ல கரன்ட் ஏறியிருக்கும். இறங்குற கொக்கியை நேரா கையால புடிச்சா ஆளைத் தூக்கி எறியும். எர்த் பண்ண கம்பியால முதல்ல தொடணும், பட்டுன்னு ஒரு பொறி பறக்கும், அப்புறம்தான் கை வைக்கணும். அந்த நேரத்துல இன்ஜின் நின்னா மெஷின் அப்படியே கீழ வரும். பைலட் எந்தப் பக்கம் ஒதுக்குவார், இவன் எந்தப் பக்கம் ஓடணும்னு வேலை ஆரம்பிக்கும் முன்னாடியே பேசி வெச்சிருக்கணும். இதைப் பேசாத இடத்துல வேலை செய்யவே கூடாதும்மா.

கேதார்நாத் சுமார் 11,700 அடி. அங்க காத்து அடர்த்தி கம்மி, சமவெளியில தூக்குற எடையை அங்க தூக்காது. "இன்னும் ரெண்டு மூட்டை போடு"ன்னு சூப்பர்வைசர் சொன்னா தம்பி மறுக்கணும். கனமான சாமானைவிட தகர ஷீட்டு, பிளைவுட், காலி வலை இதெல்லாம்தான் எனக்கு பயம். லேசா, அகலமா இருக்கிறது காத்துல மேல எழும்பி வால் விசிறியில போய் மாட்டும். 2017 அக்டோபர்ல அருணாச்சல் தவாங் பக்கம் எம்ஐ-17ல இருந்து மண்ணெண்ணெய் கேன் போடும்போது பாராசூட் வால் விசிறியில பட்டு, ஏழு பேர் போய்ட்டாங்க. கட்டுறவன் கை சுத்தமா இருந்தா மேல இருக்கிறவங்க உயிரும் பொழைக்கும். ஃபிட்டர் படிச்ச பையன், முடிச்சும், கயிறைக் கொக்கியோட இணைக்கிற இரும்பு வளையமான ஷேக்கிளும் சீக்கிரம் பழகிடுவான்.

ஆம்பூர் ரஃபி

மலைக்குக் குறுக்கே கேபிள் கம்பி ஏதாவது கட்டியிருக்கான்னும் கேளுங்க அக்கா. 2019 ஆகஸ்ட்ல உத்தரகாசியில வெள்ள நிவாரண சாமான் கொண்டுபோன ஹெலிகாப்டர், ஆப்பிள் பெட்டி இறக்க மலையில கட்டியிருந்த கேபிள்ல மாட்டி விழுந்துச்சு, மூணு பேர் இறந்துட்டாங்க. மேலேர்ந்து பாத்தா அந்தக் கம்பி தெரியாது. கீழ இருக்கிற உள்ளூர் ஆளுங்கதான் பைலட்டுக்குச் சொல்லணும்.

குடியாத்தம் செல்வி

ரொம்ப நன்றி ஐயா, நன்றி ரஃபி. கான்ட்ராக்டர்கிட்ட கேட்டோம். ஹெல்மெட், கண்ணாடி, கையுறை தர்றாங்களாம். எர்த் கம்பின்னா என்னன்னே அவருக்குத் தெரியல. இன்சூரன்ஸ் அங்க போய்ப் பாத்துக்கலாம்னு சொல்றார்.

கம்மவான்பேட்டை மாஜி ராணுவம்

அங்க போய்ப் பாக்குற பேச்சே வேணாம்மா. ஆள் எடுக்குறவருக்கு எர்த் கம்பி தெரியலன்னா பரவாயில்ல, சைட்ல இருக்கிற கிரவுண்ட் இன்சார்ஜ்கூட தம்பியை போன்ல பேசச் சொல்லு. எத்தனை நாள் டிரெய்னிங், ரேடியோ யார் கையில இருக்கும், எந்தப் பக்கம் ஓடணும்னு இந்த மூணையும் கேக்கட்டும். தம்பி பேர் போட்ட இன்சூரன்ஸ் காப்பி கைக்கு வந்தப்புறம் காட்பாடியில ரயில் ஏறட்டும். இன்சார்ஜ் என்ன சொன்னார்னு இங்கயே எழுது, நான் பாத்துச் சொல்றேன்.