விரிவுரை காதில் விழுகிறது, தலையில் நிற்கவில்லை

அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து கல்லூரிக்குப் போகிறேன், முதலாம் வருடம். உயர்தரம் வரை எல்லாம் தமிழில்தான் படித்தேன். இப்போது விரிவுரை முழுக்க ஆங்கிலம். ஒரு வசனத்தைக் கொப்பியில் எழுதி முடிப்பதற்குள் சேர் மூன்று வசனம் தாண்டிவிடுகிறார். மழை நாளில் தகரக் கூரைச் சத்தம் வேறு.

ஞாபகம் இன்னொரு சிக்கல். எபிங்கவுஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, தன்னையே சோதித்துப் பார்த்து 1885இல் ஒரு நூல் வெளியிட்டார். படித்ததில் பெரும்பகுதி முதல் நாளுக்குள்ளேயே மறந்துபோகிறது என்று அதில் காட்டினார். என் கதையும் அதேதான். அதனால் பஸ்ஸில் வரும்போதே கொப்பியை மூடிவைத்து, அன்றைய பாடத்தை மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட இது நன்றாக நிற்கிறது. வளைவுகளில் தலை சுற்றினால் அதுவும் போச்சு!

கேட்க வந்தது இதுதான். பக்கத்தின் இடது ஓரத்தில் கேள்விகள், வலப்பக்கம் குறிப்பு, கீழே சுருக்கம் என்று கோர்னெல் முறையில் எழுதிப் பழகியவர்கள் இருக்கிறீர்களா? வேகமான விரிவுரைக்கு அது சரிவருமா? தமிழையும் ஆங்கிலத்தையும் கலந்து எழுதினால் பிறகு குழப்புமா?

அப்புறம், பரீட்சை மண்டபத்தில் முதல் பத்து நிமிடம் தெரிந்த விடையும் வராது. நான் முதலாம் கேள்வியிலிருந்து வரிசையாகத்தான் எழுதுகிறேன். தெரிந்ததை முதலில் எழுது என்கிறாள் தோழி. நீங்கள் எப்படிச் செய்தீர்கள்?

வீடியோ அனுப்ப வேண்டாம், டேட்டா போதாது. இரண்டு வரி எழுதினாலே போதும். பரீட்சை அடுத்த மாதம்.