சான் சீரோ அரங்கை இடிப்பது முறைதானா?

கேள்வி (கொழிஞ்சாம்பாறையிலிருந்து):
இத்தாலியின் மிலான் நகரிலுள்ள சான் சீரோ கால்பந்து அரங்கை, அங்கே ஆடிவரும் ஏ.சி. மிலான், இன்டர் மிலான் ஆகிய இரு அணிகளும் சேர்ந்து மாநகராட்சியிடமிருந்து 19.7 கோடி யூரோவுக்கு வாங்கிவிட்டன. பக்கத்திலேயே புதிய அரங்கு எழும்பும். பழையதில் ஒரு சிறு பகுதியை மட்டும் விட்டுவைத்து மற்றதை இடித்துவிடுவார்களாம். 1926-இல் திறந்த அரங்கு அது. கண்விழித்து அந்த ஆட்டங்களைப் பார்த்தே வளர்ந்த எனக்கு மனம் ஆறவில்லை. இதைத் தடுக்க அந்நாட்டில் சட்டமே இல்லையா?

மறுமொழி (சித்தூரிலிருந்து):
சட்டம் இருக்கிறது, நண்பரே. நாள்கணக்குதான் காலை வாரிவிட்டது. 1926-இல் கட்டியது இன்று பின்னாளைய அடுக்குகளுக்குள் மறைந்து கிடக்கிறது. வெளியே வரிவரியாகச் சுற்றி ஏறும் சாய்தளங்கள் 1955-இல் எழுந்த இரண்டாம் அடுக்கைச் சேர்ந்தவை. மூன்றாம் அடுக்கும் கூரையும் 1990 உலகக் கோப்பைக்காகப் பதினொரு கான்கிரீட் கோபுரங்களின் துணையோடு ஏற்றப்பட்டவை. பொதுவுடைமையாக உள்ள கட்டடம் எழுபது ஆண்டுகளைத் தாண்டினால்தான் இத்தாலியில் பாரம்பரியப் பாதுகாப்பு கிடைக்கும். இரண்டாம் அடுக்குக்கு அந்த எழுபது 2025 நவம்பர் 10-இல் நிறைவதாக இருந்தது. விற்பனைப் பத்திரத்தில் நவம்பர் 5-இல் கையெழுத்திட்டுவிட்டார்கள். ஐந்தே நாள்! இதைத் தற்செயல் என்று நான் நம்பத் தயாரில்லை.

மறுமொழி (வேலந்தாவளத்திலிருந்து):
இடிப்பதில் தவறில்லை என்பது என் கருத்து. அந்தக் கூரை வந்த பிறகு புல்லுக்குப் போதிய வெயிலும் காற்றும் கிடைக்காமல், தரையைப் பெயர்த்து மீண்டும் மீண்டும் புதிதாகப் பதிக்க வேண்டியதாயிற்று. நம் பக்கத்தில் அறுவடை முடிந்த வயலில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்து நடத்தும்போது, கமுகையும் மூங்கிலையும் கயிற்றால் வரிந்துகட்டிக் கேலரி எழுப்புகிறார்கள். போட்டி முடிந்ததும் அவிழ்த்துக்கொண்டு போகிறார்கள். அதற்காக யாரும் வருந்துவதில்லையே.

கேட்டவர்:
அண்ணா, அவிழ்த்த கமுகை அடுத்த ஆண்டு திரும்பக் கட்டிவிடலாம். இந்தக் கோபுரங்களை அப்படிக் கட்ட முடியுமா? சித்தூர் நண்பர் சொன்ன ஐந்து நாள் கணக்கை நான் அறிந்திருக்கவில்லை, நன்றி. 1980 முதல் அந்த அரங்குக்கு, இரு அணிகளுக்கும் ஆடிய ஜுசெப்பே மெயாட்சாவின் பெயர் இருக்கிறது. புதிய அரங்குக்கும் அந்தப் பெயரையே வைப்பார்களா என்று விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.